புதுக் கண்ணாடித் தொட்டியில் எந்த மீனை, எப்போது விடலாம்?

வீட்டில் சிறிய கண்ணாடித் தொட்டி வைத்து, நான்கு செடி நட்டு, வண்ணமீன் வளர்க்கும் ஆசை இப்போது கிராமங்களிலும் பரவலாக இருக்கிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று வாங்குபவர்கள் ஒரு பக்கம். பின்னாளில் சிமென்ட் தொட்டி கட்டி வண்ணமீன் குஞ்சு விற்கலாம் என்ற எண்ணத்தில், முதலில் சின்னதாகப் பழகிப் பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பினரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்கி விட்டோம். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஐந்தாறு நாள் நன்றாக நீந்தின மீன் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கிறது. என்ன நோய், என்ன மருந்து ஊற்றலாம்?"

பெரும்பாலும் அது நோயே இல்லை. மருந்து ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். மீன் தன் கழிவிலேயே நஞ்சேறிச் சாகிறது. அந்தக் கழிவை மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் இன்னும் உருவாகவில்லை என்பதுதான் காரணம். அவை உருவாகும் காலத்தைத்தான் தொட்டியைப் 'பழக்குவது' என்கிறோம். இதற்கு நம் ஊர் வெப்பநிலையில் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அந்த நாட்களில் எந்த மீனை விடலாம், எதை விடவே கூடாது, மீனே இல்லாமல் பழக்குவது எப்படி என்பதைப் பார்ப்போம். கணக்குக்கு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். கணக்கில் அது 56 லிட்டர். கூழாங்கல்லும் மணலும் போட்டு, மேலே இரண்டு அங்குலம் விட்டால் உண்மையில் பிடிப்பது சுமார் 40 லிட்டர்தான்.

தொட்டிக்குள்ளும் தழைச்சத்துக் கணக்குதான்

வயலில் யூரியா போட்டால் அது முதலில் அம்மோனியாவாகி, பிறகு மண்ணிலுள்ள பாக்டீரியாக்களால் நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாகிப் பயிருக்குக் கிடைக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. மீன் தொட்டியிலும் அதே தழைச்சத்து, அதே பாதை. மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடக்கும் தீவனமும், அழுகும் இலையும் இன்னும் கொஞ்சம் சேர்க்கின்றன. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா, நைட்ரோபாக்டர் வகைகள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் ஓரளவு வரை கேடில்லை. செடிகள் அதை எடுத்துக்கொள்ளும்.

பச்சைச் சாணத்தை அப்படியே நாற்றின் வேரடியில் கொட்டுவோமா? மக்கட்டும் என்று காத்திருப்போம். அந்தக் காத்திருப்புதான் இங்கும் வேண்டும்.

இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. ஃபில்டர் பஞ்சு, கூழாங்கல், செடியின் தண்டு என ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பெருகும். சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்தில் இரட்டிக்கும் என்றால், இவை இரட்டிக்க ஒரு நாள் அளவுக்குக்கூட ஆகும். அதனால்தான் வாரக்கணக்கு. அவற்றுக்கு ஆக்சிஜன் ஓட்டம் இடைவிடாமல் வேண்டும். இரவில் சத்தமாக இருக்கிறது என்று ஃபில்டரை நிறுத்தி வைக்கும் வீடுகளில் தொட்டி பழகவே பழகாது. நீண்ட நேரம் மின்சாரம் போகும் ஊர் என்றால் மின்கலத்தில் ஓடும் சிறிய காற்று மோட்டார் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து, செயற்கை மலை, விளக்கு ஆகியவற்றுக்குச் செலவிடுவதைவிட இது பயனுள்ள செலவு.

மீன் வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

மீன் தேர்வு கடையில் தொடங்குவதில்லை, உங்கள் கிணற்றில் தொடங்குகிறது. இணையத்திலும் காணொளிகளிலும் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி மென்னீர் உள்ள நாடுகளை நினைத்துச் சொன்னவை. நம் சமவெளி மாவட்டங்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீர்; அதன் பி.எச். 7.5 முதல் 8.5 வரை இருக்கும். இது ஏன் முக்கியம் என்றால், அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று அம்மோனியம், அவ்வளவாகக் கெடுதல் செய்யாது. இன்னொன்று கட்டற்ற அம்மோனியா, மீனைக் கொல்வது அதுதான். பி.எச். கூடக் கூட நச்சு வடிவத்தின் பங்கு கூடிக்கொண்டே போகும். 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 100-க்கு 1 பங்குகூட நச்சாக இருக்காது. பி.எச். 8 என்றால் சுமார் 6.5 பங்கு. பி.எச். 8.5 என்றால் சுமார் 18 பங்கு. ஒரே தொட்டி, ஒரே மீன், ஒரே அளவு தீவனம். மென்னீர் உள்ள ஊரில் பிழைக்கும் மீன் உங்கள் ஊரில் பத்தாம் நாள் சாவதற்கு இதுவே காரணம்.

பாசன நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் பி.எச். அளவும், ஈ.சி. என்று உப்பின் அளவும் இருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் மேலே வந்து காற்றுப்பட்டதும் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி பி.எச். சற்று உயரும், ஆகவே ஒருநாள் வாயகன்ற பாத்திரத்தில் வைத்திருந்து அளப்பதே சரி. ஊராட்சிக் குழாய் நீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். குளோரின் மீனின் செவுளையும் பாக்டீரியாவையும் ஒருசேர அழிக்கும். அதையும் ஒருநாள் திறந்து வைத்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அம்மோனியாவை மாற்றும் வேலைக்குத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புத் தன்மை செலவாகிறது. ஆர்.ஓ. நீரில் அது இருக்காது. பி.எச். சரிந்து பாக்டீரியாவின் வேலை நின்றுபோகும். கிணற்று நீர் மிகக் கடினமாக இருந்தால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம்.

அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் பார்க்கும் சொட்டுத் திரவப் பரிசோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். வண்ணமீன் பொருள் விற்கும் பெரிய கடைகளில் கிடைக்கும். முதல் ஆறு வாரம் இது இல்லாமல் தொட்டியைப் பழக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு உரம் போடுவது மாதிரிதான்.

முதலில் குடியேற வேண்டியது செடி

செடி நட்ட தொட்டிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பாக்டீரியா பெருகும் வரை காத்திராமல் செடிகளே அம்மோனியத்தை நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் நாலு தண்டு குத்தி வைத்தால் போதாது. அடித்தளத்தில் பாதிக்கு மேல் செடி நிறைய வேண்டும். அந்தச் செடி வேகமாக வளர்வதாகவும் இருக்க வேண்டும். வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா, ஹைக்ரோஃபிலா, வேர் இல்லாமல் மிதக்கும் செரட்டோஃபில்லம் ஆகியவை நம் வெயிலுக்கும் கடின நீருக்கும் தாங்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் அழகுதான், சாகவும் சாகாது. ஆனால் மெதுவாக வளர்வதால் அம்மோனியாவைக் குறைக்கும் வேலைக்கு அவை உதவா. மேலே கொஞ்சம் வாத்துப்பாசியோ சிறிய ஆகாயத்தாமரையோ மிதக்க விடலாம். இவை காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுப்பதால் வேகமாக வளர்ந்து தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். வீட்டில் அசோலா இருக்கிறதே, அதைப் போடலாமா என்றால், அது தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியைத் தன்னுள் வாழும் நீலப்பச்சைப் பாசி மூலம் காற்றிலிருந்தே பெறுகிறது. தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்ய அதற்கு அவசரம் இல்லை. அதோடு, தொட்டியின் மேல்பரப்பு முழுவதையும் மூடிக் கீழே உள்ள செடிக்கு வெளிச்சத்தை மறைத்துவிடும்.

வாய்க்காலிலோ குளத்திலோ செடி எடுப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மருந்தடித்த வயலின் வடிகாலில் எடுக்காதீர்கள். சைபர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். இரண்டாவது, செடியோடு தட்டானின் இளம்பருவப் பூச்சி வந்துவிட்டால் அது சிறு மீன்களைப் பிடித்துத் தின்னும். இளஞ்சிவப்பு நிறம் வரும் அளவுக்கு மட்டும் பொட்டாசியம் பர்மாங்கனேட் கலந்த நீரில் பத்து நிமிடம் முக்கி, நல்ல நீரில் அலசி நடுங்கள். மருந்து கலக்கிய வாளி, தெளிப்பான், தெளித்துவிட்டு வந்த கை எதுவும் தொட்டிப் பக்கம் போகக் கூடாது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவிரட்டித் திரவமும் வேண்டாம். அதிலும் பைரித்ராய்டுதான் இருக்கிறது, காற்று மோட்டார் அதை இழுத்து நேரே தண்ணீருக்குள் விடும்.

அடியில் சாணமோ மண்புழு உரமோ போட வேண்டாம். வயலுக்கு நல்லது என்பதால் 40 லிட்டர் தண்ணீருக்கும் நல்லது என்று ஆகாது. விளக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். சன்னல் வெயில் நேரே படும் இடம் ஆகாது.

மீன் இல்லாமல் பழக்குவது

என் பரிந்துரை இதுதான். கடைகளில் "நாலு மலிவான மீனை முதலில் விடுங்கள், செத்தால் பரவாயில்லை, தொட்டி பழகிவிடும்" என்று சொல்லி அனுப்புவார்கள். உயிரைப் பலிகொடுக்காமலே அதே வேலையைச் செய்ய முடியும் என்றிருக்கும்போது அது எதற்கு?

பாக்டீரியாவுக்கு வேண்டியது அம்மோனியா மட்டுமே. அது மீனிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. எளிய வழி, மீன் இருப்பதாக நினைத்துக்கொண்டு தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடுவது. அது அழுகி அம்மோனியா தரும். அளவு பிடிபடாது, கொஞ்சம் நாறும், ஆனால் வேலை நடக்கும்.

அளவோடு செய்ய விரும்பினால் அம்மோனியம் சல்பேட் உரத்தைப் பயன்படுத்தலாம். அதில் 20.6 சதவீதம் தழைச்சத்து, முழுவதும் அம்மோனிய வடிவில். 4 கிராம் உரத்தை 1 லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 100 மி.லி. ஊற்றினால் 40 லிட்டர் தொட்டியில் தழைச்சத்து சுமார் 2 பி.பி.எம். வரும். அதற்கு மேல் வேண்டாம். பரிசோதனையில் அம்மோனியா 0.5-க்குக் கீழே இறங்கியதும் மறுபடி அதே அளவு ஊற்றுங்கள். தொட்டியில் ஒரு மீன் இருந்தாலும் இந்த முறையைத் தொடவே கூடாது.

யூரியா போடலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பீர்கள், மூட்டை வீட்டிலேயே இருக்கிறதே. போடாதீர்கள். 2015 முதல் நம் நாட்டில் வேளாண்மைக்கு விற்கும் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயம். வேம்பு அங்கே இருப்பதே நைட்ரேட் ஆக்கும் பாக்டீரியாவின் வேகத்தைக் குறைப்பதற்காகத்தான். வயலில் தழைச்சத்து வீணாகாமல் இருக்க அது உதவுகிறது. நாம் இங்கே வளர்க்க நினைப்பதோ அதே பாக்டீரியாவை.

முதல் வாரத்தில் அம்மோனியா அப்படியே நிற்கும், ஒன்றும் நடக்காதது போலத் தோன்றும். இரண்டாவது வாரத்தில் நைட்ரைட் தலைகாட்டும், பிறகு ஏறும். மூன்றாவது, நான்காவது வாரங்களில் நைட்ரைட் இறங்கத் தொடங்கும். ஒரு மாலை அம்மோனியம் சல்பேட் கரைசல் ஊற்றி, மறுநாள் மாலை பார்க்கும்போது அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்றால் தொட்டி பழகிவிட்டது. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம். செடி மிக அடர்த்தியாக இருக்கும் தொட்டியில் நைட்ரைட் ஏறாமலே போவதும் உண்டு. கவலை வேண்டாம், செடி முந்திக்கொண்டது என்று பொருள்.

ஊரில் யாராவது பல மாதமாக நோயில்லாமல் மீன் வளர்க்கிறார்களா? அவர்கள் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். பயறு விதைக்கு ரைசோபியம் கலப்பது போலத்தான் இதுவும். ஆறு வாரம் இரண்டு வாரமாகச் சுருங்கிவிடும். கடையில் விற்கும் பாக்டீரியாப் புட்டிகளைவிட இந்தப் பஞ்சுத் துண்டையே நான் நம்புவேன்.

மீனோடுதான் பழக்க வேண்டும் என்றால்

மீனை ஏற்கெனவே வாங்கி வந்தாகிவிட்டது, அல்லது பிள்ளையிடம் ஒரு மாதம் பொறு என்று சொல்ல முடியவில்லை. அப்படியானால் செடி நட்டு ஒரு வாரமாவது போகட்டும். புதுத் தளிர் விடுவது தெரிந்த பிறகு, கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒரு வகையை மட்டும், சொன்ன எண்ணிக்கையில் விடுங்கள். வகைகளைக் கலக்காதீர்கள்.

என் முதல் தேர்வு ஜீப்ரா டேனியோ. உடம்பில் நீலக்கோடு ஓடும் இந்தச் சிறு மீன் கங்கை, பிரம்மபுத்திரா பகுதி ஓடைகளையும் வயல் நீரையும் சேர்ந்தது. ஆய்வுக்கூடங்களில் உலகெங்கும் வளர்க்கப்படுவதும் இதுதான். பி.எச். 8 வரை தாங்கும், வெப்பம் ஏறி இறங்கினாலும் தாங்கும், வளர்ந்தாலும் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல்தான், கழிவு குறைவு, செடியைக் கடிக்காது. கூட்டமாக வாழ்வது, ஐந்து அல்லது ஆறு விடுங்கள். ஒன்றிரண்டு மட்டும் விட்டால் ஒன்றையொன்று துரத்தும். துள்ளிக் குதிக்கும், மூடி கட்டாயம்.

உங்கள் நீர் உப்பும் கடினமுமாக இருந்தால் பிளாட்டி நல்லது. குட்டி போடும் இனமான இது கடின நீரையே விரும்பும். மூன்று போதும், மூன்றும் ஆணாக இருந்தால் இன்னும் நல்லது. பெண் ஒன்று வந்துவிட்டால் மாதம் ஒரு முறை குட்டி போடும், பழகாத தொட்டி அந்தக் கூட்டத்தைத் தாங்காது. ஆணுக்கு அடிவயிற்றுத் துடுப்பு குச்சி போல நீண்டிருக்கும், பெண்ணுக்கு விசிறி போல விரிந்திருக்கும்.

கப்பியும் கடின நீர் மீன்தான். ஆனால் அகன்ற வாலுக்காகத் தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே இனவிருத்தி செய்த இன்றைய கப்பிகள் பழைய நாட்டுக் கப்பி போல உறுதியானவை அல்ல. பழகிய தொட்டிக்கு அவை அருமை. பழகும் தொட்டிக்கு வேண்டாம். மோலியும் கடின நீரில் செழிக்கும், ஆனால் உடம்பு பெரிது, ஓயாமல் தின்னும், ஓயாமல் கழிக்கும்.

ஒற்றை ஆண் ஃபைட்டர் மீனை விடுவதும் ஒரு வழி. மேலே வந்து காற்றைக் குடித்துச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால் ஆக்சிஜன் குறைவைத் தாங்கும். அம்மோனியாவையும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. செவுள் எரிவது அதற்கும் எரிவதுதான். 40 லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு சிறு மீன் என்பதால்தான் அது பிழைக்கிறது. துணைக்குக் கப்பி விடாதீர்கள், வாலைக் கிழித்துவிடும்.

முதல் மாதம் தீவனம் ஒருநாள் விட்டு ஒருநாள். அதுவும் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். மீன் பட்டினி கிடந்து சாவதில்லை, நாம் போடும் மிச்சத் தீவனத்தில்தான் சாகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் நாள்தோறும் பாருங்கள். பி.எச். 8-க்கு மேல் உள்ள நீரில் அம்மோனியா 0.25 பி.பி.எம். காட்டினாலே கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். பி.எச். 7 அளவில் இருந்தால் 0.5 வரை பொறுக்கலாம். தண்ணீர் மாற்றினால் பழகுவது தாமதமாகும் என்பது தவறு. பாக்டீரியா இருப்பது பஞ்சில். கொட்டும் தண்ணீரோடு அது போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. பல வாரம் தண்ணீரே மாற்றாமல் விட்ட தொட்டியில் பி.எச். தானாக இறங்கியிருக்கும், அம்மோனியா சேர்ந்திருந்தாலும் தீங்கில்லாத வடிவில் கிடக்கும். அதில் திடீரென்று பாதிக்கு மேல் கிணற்று நீரை ஊற்றினால் பி.எச். ஏறி, சேர்ந்த அம்மோனியா அரைமணி நேரத்தில் நஞ்சாகும். "சுத்தம் செய்த அன்றைக்கே எல்லாம் செத்துப்போச்சு" என்று சொல்வதன் காரணம் பல நேரம் இதுவே. அப்படிப்பட்ட தொட்டியில் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் மாற்றி வாருங்கள்.

நைட்ரைட் ஏறும் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் மீன் வேகமாகச் செவுளை அசைத்து மேல்மட்டத்தில் திணறினால், நைட்ரைட் ரத்தத்தில் ஏறி ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிட்டது என்று பொருள். செவுள் பழுப்பாகத் தெரியும். தண்ணீர் மாற்றுவதோடு, 10 லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு கரைத்து ஊற்றினால், உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். இந்த அளவு செடிக்குக் கெடுதல் இல்லை.

பழகும் காலத்தில் விடவே கூடாதவை

தங்கமீன். புதுத் தொட்டிக்கு முதல் மீன் என்று கடைக்காரர் கையில் கொடுப்பது பெரும்பாலும் இதுதான், மிகத் தவறான தேர்வும் இதுதான். அரை அடிக்கு மேல் வளரும், கழிவு மிக அதிகம், நட்ட செடியைப் பிடுங்கித் தின்னும், குளிர்ந்த நீரை விரும்பும். 40 லிட்டர் தொட்டி அதற்குப் பழகிய பிறகும் போதாது.

சக்கர் மீன். கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விரல் நீளக் குட்டியைத் தருவார்கள். அது ஓரடிக்கு மேல் வளரும், தின்பதைவிட அதிகம் கழிப்பது போலத்தான் தொட்டி ஆகும், இலைகளையும் சுரண்டும்.

நியான் டெட்ராவுக்கு மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீர் வேண்டும். அதற்கு நிலைத்துப் பழகிய தொட்டிதான் இடம். அடியில் மேயும் கோரிடோராஸ் அம்மோனியாவுக்கும் உப்புக்கும் எளிதில் பாதிக்கப்படும். ஏஞ்சல் மீனுக்கு ஓரடி உயரத் தொட்டி பற்றாது. டைகர் பார்ப் மற்ற மீனின் துடுப்பைக் கடிக்கும். மிஸ் கேரளா என்று விற்கப்படும் மீன் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடும் ஆற்று நீருக்குரியது, இயற்கையில் அருகி வரும் இனம். இரண்டடித் தொட்டியில் அதை அடைப்பது சரியல்ல.

வாய்க்காலில் தலைமேல் வெள்ளிப் புள்ளியோடு நீந்தும் சிறு மீனைப் பிடித்து விடலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கொசுப்புழுவைத் தின்னும் அருமையான மீன். ஆனால் இயற்கையிலிருந்து வரும் மீனோடு ஒட்டுண்ணியும் வரும், அம்மோனியாவின் பாதிப்பும் சேர்ந்தால் தாங்காது. அது வாய்க்காலிலேயே இருந்தால் உங்களுக்கும் நல்லது.

பழகிய பிறகு

ஆறாவது வாரம், இரண்டு அளவும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யமாக இருந்தால் அடுத்த மீன்களைச் சேர்க்கலாம். ஒரே நாளில் நிரப்பாதீர்கள். பாக்டீரியா இருக்கும் மீனின் கழிவு அளவுக்குத்தான் பெருகியிருக்கும். மீனை இரட்டித்தால் சில நாள் மறுபடி பற்றாக்குறை வரும். வாரம் மூன்று சிறு மீன் என்பது பாதுகாப்பான வேகம். மீன் இல்லாமல் 2 பி.பி.எம். அளவில் பழக்கியவர்கள் பாதிக் கூட்டத்தை ஒரே தடவையில் விடலாம்.

மிதமான கடினமுள்ள நீருக்கு நான் விரும்பிச் சொல்வது செர்ரி பார்ப். இலங்கையின் தென்மேற்கு ஈரக்காட்டு ஓடைகளுக்குரிய சிறு மீன். கடைகளில் வருவது பண்ணையில் பெருக்கியது. ஆண் செக்கச் செவேலென்று இருக்கும், செடிக்கிடையில் ஒளிந்து விளையாடும், யாரையும் கடிக்காது. ஆறு விடலாம். முன்பே விட்ட டேனியோக்களோடு சேர்த்தால் தொட்டி நிறைந்துவிட்டது என்று கொள்ளுங்கள். கடின நீர்க்காரர்கள் மூன்று பிளாட்டியோடு நான்கு ஆண் கப்பி சேர்க்கலாம். வேறொன்றும் வேண்டாம்.

கடையிலிருந்து வந்த பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரைப் பையில் சேர்த்து, அரை மணிக்குள் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். பை திறந்த பிறகு மணிக்கணக்கில் காத்திருப்பதும் ஆபத்து. பயணத்தில் பைக்குள் சேர்ந்த அம்மோனியா காற்றுப்பட்டு பி.எச். ஏறியதும் நஞ்சாகும்.

ஃபில்டர் பஞ்சை மாதம் ஒரு முறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து மறுபடி வையுங்கள். குழாயடியில் சோப்புப் போட்டு வெளுத்தால் ஆறு வார உழைப்பும் சாக்கடையில் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றும்போது எடுக்கும் நீரில் நைட்ரேட் இருக்கும்; கறிவேப்பிலைக்கோ கத்தரிக்கோ ஊற்றலாம். உப்புப் போட்ட வாரத்து நீரையும் மருந்து போட்ட நீரையும் மட்டும் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

வளர்க்க முடியவில்லை என்றால் மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், வளர்க்கும் வேறொருவரிடம் கொடுங்கள். ஏரி, குளம், கிணறு, பண்ணைக்குட்டை எதிலும் விடாதீர்கள். இப்படி விட்ட சக்கர் மீன்கள் தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா உட்படப் பல மாநில நீர்நிலைகளில் பெருகிவிட்டன. கரையில் வளை தோண்டும், வலையைக் கிழிக்கும், கெண்டை மீனின் உணவைப் பங்குபோடும், சந்தையில் விலை போகாது. உங்கள் குட்டையில் கட்லா, ரோகு விட்டிருந்தால் நட்டம் உங்களுக்குத்தான். தொட்டியில் கழித்த செடியையும் வாய்க்காலில் எறியாமல் வெயிலில் காயவைத்து எருக்குழியில் போடுங்கள்.